கருமருந்து ரைஃபிளுக்கு எந்த ஈயக்கட்டி: 20:1, 30:1, 16:1

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதியைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பலாம். .45-70 என்ற பழைய அமெரிக்கத் தோட்டாவுக்கான ரைஃபிளில் கருமருந்து, அதாவது பழங்காலத்துக் கரிய வெடிமருந்து, வைத்து இலக்கு சுடுகிறீர்கள், குண்டையும் நீங்களே வார்க்கப் போகிறீர்கள் என்றால், உருக்காலையிலேயே கலந்து, விகிதத்துக்குச் சான்றோடு வருகிற 20:1 கட்டியை வாங்குங்கள். இருபது பங்கு காரீயம், ஒரு பங்கு வெள்ளீயம். நீள மூக்குள்ள குண்டுக்குப் போகும்போது 16:1. 30:1-ஐ ஆசைக்கு ஒரு தடவை வாங்கிப் பாருங்கள், தப்பில்லை. லினோடைப்பும் (அச்சக எழுத்து வார்த்த ஈயம்) பழைய சக்கர எடையும் (டயரைச் சமன்செய்ய மாட்டும் துண்டு) இந்த ஆட்டத்துக்கு வேண்டாம்.

சொல்கிறவன் யார் என்று கேட்பீர்கள். கோயம்புத்தூர்க்காரன். பீளமேட்டுப் பக்கம் வார்ப்படப் பட்டறையில் தொழில் பழகியவன், இப்போது கொலராடோவில் ஒரு மெஷின் ஷாப்பில் இருக்கிறேன். வாரக்கடைசியில் சிலுவெட், அதாவது எஃகு உருவங்களைச் சுட்டு விழவைக்கும் போட்டி, சுடுவது வழக்கம். டெக்ஸஸிலும் அரிசோனாவிலும் இருக்கிற நம்ம ஆட்கள் சிலர் இதில் இறங்கியிருக்கிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது துப்பாக்கியைப் பற்றி அல்ல, ஈயத்தைப் பற்றி. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். ஊரிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இது அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்ட விளையாட்டு. இந்தியாவில் துப்பாக்கியும் தோட்டாவும் செய்வதற்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். படித்து ரசிப்பதோடு விட்டுவிடுங்கள்.

ஆட்டத்தைச் சொன்னால்தான் கலவை புரியும். எஃகுத் தகட்டில் வெட்டிய நான்கு உருவங்கள்: 200 மீட்டரில் கோழி, 300-ல் காட்டுப்பன்றி, 385-ல் வான்கோழி, 500-ல் செம்மறிக்கிடா. கோழியை நின்றபடி, எதிலும் சாயாமல் சுட வேண்டும். மற்ற மூன்றுக்கும் துப்பாக்கியைத் தாங்கக் குறுக்குக் கம்பு வைத்துக்கொள்ளலாம். குண்டு பட்டால் போதாது, உருவம் விழ வேண்டும். துப்பாக்கி 1896-க்கு முந்தைய அமெரிக்க வடிவத்தில், ஒரு தடவைக்கு ஒரு தோட்டா போடுகிறதாக, சுத்தியல் வெளியே தெரிகிறதாக இருக்க வேண்டும். 1874 ஷார்ப்ஸ், வின்செஸ்டர் 1885 ஹைவால், இவற்றின் இன்றைய நகல்கள். குண்டு வெறும் ஈயக்கலவைதான். அடியில் செம்புத் தொப்பி போடுவதற்கெல்லாம் இடமில்லை. நியூ மெக்சிகோவில் ரட்டோனுக்குப் பக்கத்தில் விட்டிங்டன் மையத்தில் தேசியப் போட்டி நடக்கும் மலைச்சரிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 500 மீட்டரில் அந்தக் கிடா கண்ணுக்கு எவ்வளவு சின்னது என்று. அதைத் தள்ளிவிட 500 கிரெய்னுக்கு மேல் கனமுள்ள குண்டு தேவை. 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு. ஆக 535 கிரெய்ன் குண்டு என்றால் பவுண்டுக்குப் பதின்மூன்றுதான். ஈயம் எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கருமருந்து பற்றும்போது அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. அந்த அடியில் குண்டின் பின்பாகம் கொஞ்சம் நசுங்கிப் பருத்து, குழலின் வரிப்பள்ளங்களை நிறைத்துக்கொள்ள வேண்டும். நிறைத்தால் சூடான வாயு பக்கவாட்டில் கசியாது, குழலில் ஈயமும் ஒட்டாது. கடினமான குண்டு இதைச் செய்யாது. ரொம்ப மிருதுவான குண்டு இதைச் செய்துவிட்டு அதோடு நிற்காமல் மூக்கையும் சேர்த்துச் சாய்த்துக்கொள்ளும். வாங்குகிற கலவை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம். கடினத்தை அளக்கும் பிரினெல் எண்ணில் (எண் கூடினால் கடினம் கூடுதல்) சொன்னால் சுத்தக் காரீயம் 5, 30:1 சுமாராக 9, 20:1 பத்து, 16:1 பதினொன்று. பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. குழலுக்குள் வித்தியாசம் தெரிகிறது.

வெள்ளீயத்தை இந்த அளவில் சேர்ப்பது கடினத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அச்சு நிரம்புவதற்குத்தான் அது முதலில். சுத்தக் காரீயத்தை அச்சில் ஊற்றினால் குண்டைச் சுற்றி மசகு வைக்கிற எண்ணெய்ப் பள்ளங்களின் விளிம்பு மழுங்கியே வரும். உருகிய ஈயத்தின் மேற்பரப்பு இழுவிசை அதைத் திரட்டிப் பிடிக்கிறது. வெள்ளீயம் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது, உலோகம் மூலைமுடுக்கெல்லாம் ஓடுகிறது. பட்டறையில் இரும்போடு பழகியவனுக்கு இது வேறு உலகம். அங்கே சிலிக்கானைப் பார்த்துப் பார்த்துச் சேர்ப்போம், இங்கே வெள்ளீயம்.

இனி வாங்கிய சரக்குக்கு வருகிறேன்.

20:1 கட்டி. வந்தபோதே பளபளப்பு. சட்டியில் போட்டதும் சாம்பல் படலம் லேசாகத்தான் படிந்தது, ஒரு துண்டு தேன்மெழுகு போட்டுக் கிளறியதும் கண்ணாடியாகிவிட்டது. 400 டிகிரி செல்சியஸைச் சுற்றி வைத்து, கரண்டியால் மொண்டு, அச்சின் வாயில் கரண்டி மூக்கைச் சேர்த்து ஊற்றினேன். லைமன் கம்பெனியின் 457132 அச்சு, போஸ்டெல் என்ற குண்டு வடிவம், 535 கிரெய்ன் என்று பெயர். அச்சு சூடாகும் வரை வந்ததைத் திரும்பச் சட்டியில் போட்டுவிட்டேன், அதற்குப் பிறகு வந்தவை விளிம்பு கூராக, அடிப்பாகம் தட்டையாக, எல்லாம் ஒரே சாயலில் விழுந்தன. எடை போட்டதில் பெரும்பாலானவை ஒரு கிரெய்ன் இடைவெளிக்குள் அடங்கின. எனக்கு இதுதான் கலவையின் முதல் தேர்வு. துப்பாக்கிக்குப் போகும் முன்பே தராசு பாதி உண்மையைச் சொல்லிவிடும்.

சுட்டபோதும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. குழலில் ஈயம் ஒட்டவில்லை, பன்றியும் வான்கோழியும் குறி சொன்ன இடத்தில் வாங்கிக்கொண்டன. வட்ட மூக்குக் குண்டு என்றால் 500 மீட்டருக்கும் இதுவே போதும். இந்த ஆட்டத்தில் புதிதாக நுழைகிற எவருக்கும் இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை என்பது என் கருத்து. கலவை மாற்றி மாற்றிப் பணம் கரைப்பதை விட அந்தக் காசில் மருந்து வாங்கிச் சுட்டுப் பழகலாம்.

30:1 அச்சில் சோம்பேறி. நிரம்பாமல் போகவில்லை, ஆனால் 20:1 தானாக ஓடிய இடத்துக்கு இதைக் கொஞ்சம் கூடுதல் சூடு கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. மிருதுவாக இருப்பதால் சுலபமாகப் பருத்துக் குழலைப் பிடிக்கும், அது உண்மை. குட்டையான, மொண்ணை மூக்குள்ள 405 கிரெய்ன் குண்டுக்கு நல்ல சரக்கு. நீளமான குண்டில் எனக்கு ஒத்துவரவில்லை. சேர்ந்து விழுந்துகொண்டே வந்து திடீரென்று ஒன்று மட்டும் விலகிப் போகும், காற்றும் மாறியிருக்காது, கையும் அசைந்திருக்காது. இந்த மாதிரி விலகலுக்குக் கிளப்பில் மூத்தவர்கள் முதலில் சந்தேகப்படுவது மூக்கைத்தான்.

மூக்குச் சாய்வைக் கண்ணால் பார்க்க இங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. குளிர்காலத்தில் ஆழமான பனிக்குவியலுக்குள் சுட்டுவிட்டு, பனி உருகியதும் குண்டுகளைப் பொறுக்குவார்கள். பனி மெதுவாகத் தாங்கிப் பிடிப்பதால் குண்டு பெரிய சேதமில்லாமல் கிடைக்கும். பாதுகாப்பான பின்மேடு உள்ள ரேஞ்சில்தான் செய்வோம். அப்படி எடுத்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பார்த்தால் பாடம் நடத்தவே வேண்டாம். 30:1 குண்டுகளின் மூக்கு குட்டையாகி, சிலவற்றில் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. ஒதுங்கிய மூக்கு என்றால் குண்டின் எடைமையம் சுழலும் அச்சை விட்டு விலகிவிட்டது என்று பொருள். 200 மீட்டரில் தெரியாது. கிடாவிடம் போகும்போது தெரியும். 20:1-ல் மூக்கு கொஞ்சம் பருத்திருந்தது, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. ஒரே மாதிரி பருப்பது பிரச்சினையே இல்லை.

16:1-தான் எனக்குப் பிடித்தது, ஆனால் எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். அமெரிக்க ராணுவம் 1880-களில் தன் .45-70-க்கு 500 கிரெய்ன் குண்டைக் கொண்டுவந்தபோது ஒன்றுக்குப் பதினாறு என்ற இந்த விகிதத்தைத்தான் வைத்தது. தூரத்துக்குச் சுடுவதற்காகவே செய்த குண்டு அது. நீண்டு கூர்ந்த மூக்குள்ள குண்டுகளை இதில் வார்த்தபோது, பனியிலிருந்து எடுத்தவை கிட்டத்தட்ட வார்த்தபடியே இருந்தன. 500 மீட்டரில் குறுக்குக் கம்பில் வைத்துச் சுட்டபோது உயரத்தில் சிதறல் குறைந்தது. காகிதம் சுற்றிய குண்டு சுடுகிறவர்கள் பலரும் 16:1 என்று அடம்பிடிப்பதற்குக் காரணம் இப்போது விளங்குகிறது.

குறை என்றால் இரண்டு. வெள்ளீயம் கூடுதல் என்பதால் விலை கூடுதல். இன்னொன்று, வெள்ளீயத்தின் அடர்த்தி காரீயத்தை விட வெகுவாகக் குறைவு, 7.3-க்கு எதிரே 11.34. ஒரே அச்சில் 20:1-ல் 535 வருகிற குண்டு 16:1-ல் மூன்று கிரெய்ன் இளைக்கும், 30:1-ல் நாலு கிரெய்னுக்கு மேல் பெருக்கும். கலவையை மாற்றினால், தூரத்துக்கேற்ப ஏற்றி இறக்கிக் குறிபார்க்கும் குறிச்சட்டத்தின் அளவுகளையும் மறுபடி சரிபார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பழைய அளவை நம்பிப் போட்டிக்குப் போகாதீர்கள்.

40:1, 25:1 பற்றியும் கேட்கிறார்கள். 40:1 சுத்தக் காரீயத்துக்குத் தம்பி, குழலின் வாய்வழியே குண்டு போடும் துப்பாக்கிக்காரர்களுக்கு விட்டுவிடலாம். 25:1 நல்ல கலவைதான், ஆனால் 20:1 கையில் இருக்கும்போது அதை ஏன் தேடிப் போக வேண்டும் என்று தெரியவில்லை.

லினோடைப்பைப் பற்றி ஒரு மயக்கம் இன்னும் இருக்கிறது. பத்திரிகை அச்சகங்கள் ஈய எழுத்தைக் கைவிட்ட காலத்தில் மூட்டை மூட்டையாக மலிவில் கிடைத்ததாம், அதில் வார்த்தவர்கள் அச்சு நிரம்பும் அழகைச் சொல்லிச் சொல்லி மாய்வார்கள். அழகாகத்தான் நிரம்பும். 84 பங்கு காரீயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம், பிரினெல் 22. புகையில்லா மருந்தில் வேகமாக ஓடும் குண்டுக்கு அது சரி. கருமருந்தின் அடிக்கு அது பருக்காது, வரிப்பள்ளம் நிறையாது, ஓரமாக வாயு கசிந்து குண்டின் தோலை உரித்துக் குழலில் அப்பிவிட்டுப் போகும். கடினமான குண்டுதான் ஈயம் ஒட்டாது என்று நினைக்கிறவர்களுக்கு இது நேர்மாறாகத் தோன்றும். லைமன் நம்பர் 2 என்ற, ஆன்டிமனி சேர்ந்த கலவைக்கும் இதே பதில், கொஞ்சம் மென்மையான குரலில்.

சக்கர எடைக்கு வருவோம், ஏனென்றால் இலவசம் என்றதும் நம்மவர்களுக்குக் கண் விரியும். டயர் கடைகளில் கழற்றிப் போடும் எடைத் துண்டுகளை உருக்குவது இங்கே அறுபது எழுபது வயதுக்காரர்களின் பழக்கம். கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்கள் ஈய எடைகளைத் தடைசெய்தபின் வாளியில் வருவதில் துத்தநாகமும் இரும்பும்தான் கணிசம். இரும்பு மிதக்கும், பொறுக்கிவிடலாம். துத்தநாகம் 419.5 டிகிரியில் உருகும். சட்டியின் சூடு அதைத் தாண்டினால் சத்தமில்லாமல் கலந்துவிடும், அதற்குப் பிறகு ஊற்றுகிற உலோகம் கஞ்சியாகித் திட்டுத்திட்டாக நிரம்பும். துத்தநாகம் கலக்காமல் தப்பித்தாலும் ஆன்டிமனி எவ்வளவு, வெள்ளீயம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. கூட்டாஞ்சோற்றில் யார் வீட்டு அரிசி எது என்று பிரிக்கிற கதை. 50 கஜத்தில் டப்பா சுடக் கைத்துப்பாக்கிக்கு வார்க்கிறீர்களா, தாராளமாக. கிடாவுக்கு வேண்டாம்.

இதற்கு இடைப்பட்ட வழி ஒன்று உண்டு, நீங்களே கலப்பது. சுத்தக் காரீயக் கட்டி தனியாக, வெள்ளீயக் கம்பி தனியாக வாங்கி, 20 பவுண்டுக்கு ஒரு பவுண்டு என்று எடைபோட்டுச் சேர்த்தால் 20:1 ஆயிற்று. வெள்ளீயம் உலகச் சந்தையில் காரீயத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் விற்கிறது. அதனால் எந்தக் கலவையிலும் நீங்கள் கொடுக்கிற காசில் கணிசமான பகுதி அந்த ஒரு பங்குக்குத்தான். கலந்த கட்டிக்கும் தனித்தனியாக வாங்கியதற்கும் எனக்கு வந்த விலை வித்தியாசம் பெரிதாக இல்லை. சொந்தமாகக் கலக்க ஒரே நல்ல காரணம், 16:1-ம் 20:1-ம் மாறி மாறித் தேவைப்படுவது. சாமான் கடையில் கிடைக்கிற பழைய பியூட்டர் குவளையை வெள்ளீயம் என்று உருக்குகிறவர்கள் உண்டு. நல்ல பியூட்டரில் வெள்ளீயம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல்தான், கூடவே ஆன்டிமனியும் செம்பும் வரும். நண்பருக்கு வார்த்துக் கொடுக்கிற குண்டில் அப்படிச் செய்ய எனக்கு மனம் வராது. பற்றவைக்கும் ஈயக் கம்பியில் 60/40, 63/37 என்று முத்திரை இருந்தால் கணக்குப் போட்டுச் சேர்க்கலாம். ஆனால் நடுவில் ரெசின் நிரப்பிய கம்பி வேண்டாம், புகையில் கண் எரியும்.

கடினம் அளக்கும் கருவி வாங்கட்டுமா என்று கேட்டால், சான்றோடு வருகிற கட்டிக்கு அவசியமில்லை. லீ கம்பெனிக் கருவி மலிவு, சின்ன நுண்ணோக்கியில் குழியின் விட்டத்தைப் பார்க்க வேண்டும், என் வயதுக் கண்ணுக்கு அது தண்டனை. ஓவியர்களின் பென்சிலை வைத்துக் கீறிப் பார்க்கிற முறையும் உண்டு, எந்தப் பென்சில் வெட்டுகிறது, எது வழுக்குகிறது என்று. பழகினால் நம்பலாம். ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். வெறும் காரீயம்-வெள்ளீயக் கலவையை அச்சிலிருந்து எடுத்து உடனே தண்ணீரில் போட்டாலும் கடினமாகாது. அதற்கு ஆன்டிமனியும் ஒரு துளி ஆர்செனிக்கும் வேண்டும். மாறாக, வார்த்து வைத்த குண்டு நாள்பட நாள்பட லேசாக மிருதுவாகும். போன வருஷத்துப் பெட்டியை இந்த வருஷத்து வார்ப்போடு கலந்து போட்டிக்கு எடுத்துப் போகாதீர்கள்.

சட்டிப் பழக்கத்தில் ஒன்று. மேலே படியும் சாம்பலை அழுக்கு என்று கரண்டியால் வழித்து எறிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அதில் இருப்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வெள்ளீயம். காரீயத்தை முந்திக்கொண்டு ஆக்ஸிஜனைப் பிடிப்பது அதுதான். மரத்தூளோ மெழுகோ போட்டுக் கிளறினால் ஆக்ஸைடு திரும்ப உலோகமாகிச் சட்டியில் இறங்கும், எஞ்சுகிற கருப்புத் தூளை மட்டும் வழித்தால் போதும். சூட்டை 400-க்கு மேல் ரொம்ப ஏற்றினால் வெள்ளீயத்தின் காவல் குறைந்து படலம் வேகமாகக் கட்டும். குண்டின் மேல் பனிப்பூச்சு போல வெளுத்தால் சூடு அதிகம் என்று அர்த்தம், கலவையில் குறை இல்லை.

ஈயம் விஷம் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையிராது, இருந்தாலும் வீட்டில் குழந்தை உள்ளவர்கள் படிக்கிறார்கள். கராஜில் கதவைத் திறந்து, காற்று வெளியே போகிற பக்கம் சட்டியை வையுங்கள். வார்க்கிற சட்டை வார்ப்புக்கு மட்டும், மற்ற துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் காபிக் குவளையைத் தொட வேண்டாம். குழந்தைகளின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே இங்கே நோய்த்தடுப்பு மையம் கவனிக்கச் சொல்கிறது. வருடாந்திரப் பரிசோதனையில் உங்களுக்கும் ஈய அளவைச் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், மருத்துவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். அப்புறம் தண்ணீர். உருகிய சட்டிக்குள் ஈரமான கட்டி இறங்கினால் நீர் நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்துக்கு எறியும். வெளியே கிடந்த கட்டியை முதலில் சட்டி விளிம்பில் வைத்துக் காயவிடுவது பட்டறையில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது.

வாங்கும் வழி: அமெரிக்கத் தபால்துறையின் ஒரே கட்டணப் பெட்டியில் உள்நாட்டுக்கு 70 பவுண்டு வரை அனுப்பலாம். அதனால் ஈய வியாபாரிகள் எல்லாரும் அதில்தான் அடைக்கிறார்கள், ஷூ பெட்டி அளவில் இருப்பதைத் தூக்க முடியாது. எனக்கு ஒரு தடவை பெட்டி மூலை கிழிந்து ஒரு கட்டி குறைவாக வந்தது, விற்றவர் புகைப்படம் கேட்டுவிட்டு மறு தபாலில் அனுப்பிவைத்தார். அனுப்புகிற கடையிடம் கட்டிகளை ஒன்றோடொன்று நாடா போட்டு இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள், கேட்டால் செய்வார்கள். ஒரு சீசனுக்கு வேண்டியதை ஒரே தடவையில் உருக்கிய சரக்கிலிருந்து வாங்குங்கள், கட்டியில் குத்தியிருக்கும் அந்த உருக்கலின் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பெட்டியைப் பிரித்ததும் பாருங்கள். தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவர் முதுகும் பிழைக்கும்.